ஒரு @ குறி ஃபங்ஷனை இணையப் பக்கமாக்குவது எப்படி?

பைத்தானில் எழுதிய சாதாரண ஃபங்ஷனுக்கு மேலே @ஆப்.ரூட்("/வணக்கம்") என்று ஒரு வரி சேர்க்கிறோம். சர்வரை ஓடவிட்டு, பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்தால், ஃபங்ஷன் திருப்பித் தரும் சரம், அதாவது எழுத்துத் தொடர், பக்கமாக வந்து நிற்கிறது. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ளாஸ்க்கைப் பழகும் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். பலர் அந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. உள்ளே நடப்பது அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு.

பைத்தானில் ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான். எண்ணைப் போலவே அதையும் இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம், திரும்ப வாங்கலாம். "கீழே இருக்கும் ஃபங்ஷனை இதனிடம் கொடு, அது தருவதை அதே பெயரில் வைத்துக்கொள்" என்பதற்கான சுருக்கம்தான் @ குறி. 2004-இல் பைத்தான் 2.4-உடன் இது வந்தது.

இப்படி @ குறியோடு மேலே எழுதப்படுவதை டெக்கரேட்டர் என்பார்கள். பெரும்பாலான டெக்கரேட்டர்கள் வாங்கிய ஃபங்ஷனை வேறொன்றால் சுற்றித் தரும். ரூட் அப்படிச் செய்வதில்லை. "இந்த முகவரிக்கு இந்த ஃபங்ஷன்" என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கோப்பு ஏற்றப்படும்போதே இந்தப் பதிவு முடிந்துவிடும். அப்போது எந்தக் கோரிக்கையும் வந்திருக்காது.

சரி, கோரிக்கை வந்ததும் என்ன ஆகிறது? சர்வருக்கும் பைத்தான் நிரலுக்கும் நடுவே டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்றொரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி சர்வர், @ஆப்.ரூட்டில் பார்த்த அந்த ஆப்பையே ஒரு ஃபங்ஷனைப் போல அழைத்து, முகவரி, கெட் அல்லது போஸ்ட் என்ற முறை, ஹெடர்கள் (கோரிக்கையோடு வரும் கூடுதல் விவரங்கள்) எல்லாவற்றையும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டுக் கொடுக்கிறது. ஆப் அட்டவணையில் தேடுகிறது. பொருந்தும் ஃபங்ஷன் கிடைத்தால் அழைத்து, வந்த சரத்தை பைட்டுகளாக்கி, "எல்லாம் சரி" எனப் பொருள்படும் 200 என்ற நிலையுடன் அனுப்புகிறது. கிடைக்காவிட்டால் 404, அதாவது "அப்படி ஒரு பக்கம் இல்லை".

இந்த அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டால் ஓர் ஆபத்தான பிழையைத் தவிர்க்கலாம். லாகின் செய்தவரா என்று சோதிக்கும் டெக்கரேட்டரையும் ஒரு பக்கத்துக்குப் போடுகிறோம் என்று வையுங்கள். ஃபங்ஷனுக்கு மிக அருகில் இருப்பதே முதலில் வேலை செய்யும். லாகின் சோதனையை ரூட்டுக்கு மேலே எழுதிவிட்டால், சோதனை சேரும் முன்பே வெறும் ஃபங்ஷன் அட்டவணையில் ஏறிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, பக்கமும் ஒழுங்காகத் திறக்கும். லாகின் செய்யாதவருக்கும் திறக்கும்! அதனால் ரூட் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

ஃப்ளாஸ்க்கைப் போன்றே பைத்தானில் பிறகு வந்த ஃபாஸ்ட்ஏபிஐ இதே பதிவு முறையை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. பதிவு செய்யும்போதே ஃபங்ஷனின் டைப் ஹின்ட்டுகளையும் (எந்த மதிப்பு எந்த வகை என்ற குறிப்புகள்) அது படித்து வைத்துக்கொள்கிறது. வயது முழு எண் என்று எழுதியிருக்கும் இடத்தில் யாராவது "பத்து" என்று அனுப்பினால் "அனுப்பிய தகவல் செல்லாது" என்ற 422 பிழை அங்கிருந்தே பதிலாகப் போய்விடும். நம் ஃபங்ஷன் அழைக்கப்படுவதே இல்லை.