‘ஃபேர் டிரேட்’ கம்பளம்: இணையத்தில் வாங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். பால்காய்ச்சுக்கு நாள் குறித்த பிறகு கடைசியாக வாங்கப்படும் பொருள்களில் வரவேற்பறைக் கம்பளமும் ஒன்று. ஒவ்வொரு முடிச்சையும் கையாலேயே போட்டு நெய்யும் கைமுடிச்சுக் கம்பளங்களை நேரில் விரித்துப் பார்த்து வாங்கும் வசதி நம் மாவட்டத்தில் குறைவு என்பதால் பெரும்பாலோர் இணையத்தையே நாடுகிறார்கள். அண்மைக்காலமாகச் சிலர், குறிப்பாக வெளிநாட்டில் வேலை பார்த்து ஊரில் வீடு கட்டுகிறவர்கள், “இதைச் சிறுபிள்ளைகள் நெய்திருக்க மாட்டார்களே? நெய்தவருக்கு உரிய கூலி போய்ச் சேர்ந்திருக்குமா?” என்று கேட்கிறார்கள். அவசியமான கேள்வி. ஆனால் அதற்கான விடையை விற்பனைப் பக்கத்தில் உள்ள ‘எத்திக்கல்’ (அறநெறிப்படியானது), ‘ஃபேர் டிரேட்’ (நியாய வணிகம்) என்ற சொற்களில் தேடக் கூடாது. அச்சொற்களை எழுதிக்கொள்வதற்கு ஒரு விற்பனையாளர் யாரிடமும் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. சரிபார்க்கக்கூடிய சான்றும், கணக்குப் போட்டால் பொருந்தக்கூடிய விலையும், கம்பளத்தின் பின்புறமும்தான் நமக்கு உதவும்.

இந்தியாவில் கைமுடிச்சுக் கம்பளங்களின் பெரிய உற்பத்தி மையம் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரம். அங்கு தறிகள் ஒரே ஆலையின் கூரைக்குக் கீழ் இருப்பதில்லை. ஏற்றுமதியாளர் ஒப்பந்தக்காரரிடம் நூலும் வரைபடமும் கொடுக்க, அவர் அவற்றைக் கிராமத்து வீடுகளில் உள்ள தறிகளுக்குப் பிரித்துத் தருகிறார். குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டபோதே கம்பள நெசவைத் தடைப்பட்டியலில் சேர்த்தது; ஆனால் குடும்பத்தினரைக் கொண்டு நடத்தப்படும் பட்டறைகளுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. வீட்டுத் தறிகளில் குழந்தைகள் இருந்தது வெளியே தெரியாமல் போனதற்கு இந்த அமைப்பே பெரிய காரணம். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்திருந்தாலும், கடைசித் தறி வரை சென்று பார்ப்பவர் இல்லையென்றால் சட்டத்தால் மட்டும் பயன் இல்லை.

இந்தக் குறையை நிரப்புவதற்காகவே கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994-இல் ‘ரக்மார்க்’ முத்திரை தொடங்கப்பட்டது. 2009 முதல் அது ‘குட்வீவ்’ என்ற பெயரில் இயங்குகிறது. முன்னறிவிப்பின்றித் தறிகளை ஆய்வு செய்வதும், கம்பளத்தின் பின்புறம் தைக்கப்படும் முத்திரையில் தனித்தனி எண் அச்சிடுவதும் அதன் முறை. எனவே பக்கத்தில் முத்திரையின் படம் இருப்பதைப் பார்த்து நிறைவடையாமல், நமக்கு வரவிருக்கும் கம்பளத்தில் எண் உள்ள முத்திரை தைக்கப்பட்டிருக்குமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அவர் பெயர் குட்வீவ் உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் உள்ளதா என்பதையும் பாருங்கள். காஷ்மீர் கம்பளங்களில் புவிசார் குறியீட்டுடன் கியூஆர் குறியீடும் ஒட்டும் ஏற்பாடு 2022-இல் தொடங்கியது. சில முத்திரைகள் வேறு செய்தியைச் சொல்பவை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் தீங்கான வேதிப்பொருள் உள்ளதா என்ற சோதனை. அதற்கும் நெசவாளியின் கூலிக்கும் தொடர்பில்லை. பருத்திக்கான ஃபேர்டிரேட் முத்திரை முதன்மையாகப் பருத்தி விளைவித்த விவசாயியைப் பற்றியது. அந்தப் பருத்தியில் ஜமுக்காளம் நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

என் வாடிக்கையாளர்களிடம் நான் அதிக நேரம் பேசுவது விலையைப் பற்றித்தான். எட்டுக்குப் பத்தடிக் கம்பளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 80 சதுர அடி என்றால் 11,520 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்பது நடுத்தரமான நெருக்கம்தான். அப்படியானால் மொத்தம் 11,52,000 முடிச்சுகள். தேர்ந்த நெசவாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 முடிச்சுகள் போடுவார் என்று வைத்தால், 144 ஆள்-நாள் உழைப்பு. மூவர் ஒரே தறியில் அமர்ந்தாலும் 48 நாள். நாள் கூலியை 500 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால், முடிச்சுக் கூலி மட்டுமே 72,000 ரூபாய் ஆகிறது. கம்பளி, சாயம், கத்தரிப்பு, கழுவல், போக்குவரத்து, விற்பனைத் தளத்தின் பங்கு எல்லாம் அதற்கு மேல். இதே அளவும் நெருக்கமும் கொண்ட ‘கைமுடிச்சுக் கம்பளம்’ 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்: அது கைமுடிச்சு இல்லை, அல்லது யாரோ ஒருவருடைய கூலி பறிக்கப்பட்டிருக்கிறது. நெருக்கம் குறைந்தால் விலையும் குறையும் என்பது இயல்பு. ஆகவே முடிச்சு எண்ணிக்கையைக் கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை. மறுபக்கம், விலை கூடுதலாக இருப்பதாலேயே நெசவாளிக்குக் கூடுதலாகப் போனது என்று முடிவு செய்துவிடவும் முடியாது. இடையில் எத்தனை கைகள் உள்ளன என்பதை விசாரித்தே ஆக வேண்டும்.

அடுத்தது பின்புறம். பெரும்பாலான பக்கங்களில் கம்பளத்தின் முகப்புப் படங்களே இருக்கும். பின்புறப் படத்தைக் கேளுங்கள். கைமுடிச்சுக் கம்பளத்தில் முன்பக்கத்து வடிவம் பின்னாலும் தெளிவாகத் தெரியும். குஞ்சம் தனியே தைக்கப்படாமல், தறியில் நீளவாக்கில் கட்டப்படும் பாவு நூலின் நீட்சியாகவே இருக்கும். ‘ஹேண்ட் டஃப்டட்’ என்று விற்கப்படுவதில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணியில் செலுத்தி, ரப்பர் பசை பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். இதுவும் மனித உழைப்புதான். குறைந்த விலைக்கு நேர்மையாக விற்கப்படும்வரை அதில் தவறில்லை. ஆனால் ‘ஹேண்ட்மேட்’ என்ற பொதுச்சொல்லுக்குள் இரண்டையும் அடக்கிக் கைமுடிச்சு விலைக்கு விற்பது ஏமாற்று. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் நம் மாவட்டத்து ஈரத்தில் இந்த வேறுபாடு விரைவில் வெளிப்படும். தக்கலை அருகே ஒரு வீட்டில், கைமுடிச்சு என்று நம்பி வாங்கிய கம்பளத்தின் பசை நொறுங்கி, தரையெங்கும் வெண்தூளாகக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். ‘பேம்பூ சில்க்’ என்ற பெயரில் வருவதும் பெரும்பாலும் வேதிமுறையில் தயாரிக்கப்படும் விஸ்கோஸ் இழைதான். தண்ணீர் பட்ட இடத்தில் மங்கிக் கறைபிடிக்கும் அதை இயற்கைப் பட்டு என்று எண்ணி வாங்க வேண்டாம்.

நெசவாளிக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பது நோக்கமானால், பக்கத்து ஊர்களையும் நினைத்துப் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையின் கோரையில் பத்தமடைப் பெண்கள் நெய்யும் பாய்களும், பவானி ஜமுக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை. நம் ஊர்க் கயிற்று விரிப்புகள் வாசலுக்கும் திண்ணைக்கும் மிகப் பொருத்தமானவை. கம்பளத்தின் மென்மையை இவை தரா. எனினும் நம் வெப்பத்துக்குக் கோரையே உகந்தது என்பது என் தொழில்முறைக் கருத்து. இங்கும் எச்சரிக்கை தேவை. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமுக்காளம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட பொருளாக இருந்தும், விசைத்தறியில் நெய்ததைப் பவானி என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரும், 2006-இல் அறிமுகமான ஹேண்ட்லூம் மார்க் முத்திரையும் உள்ளனவா என்று பாருங்கள்.

வாங்கும் முன் விற்பனையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: எந்த ஊரில், எந்தக் குழு நெய்தது? கூலி சதுர அடிக் கணக்கா, நாள் கணக்கா? தறிகளை வெளியார் யாராவது ஆய்வு செய்கிறார்களா? முறையாகத் தொழில் நடத்துபவர் ஊரின் பெயரையேனும் சொல்லிவிடுவார், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வார். “எங்கள் பொருள்கள் அனைத்தும் நூறு சதவீதம் குழந்தைத் தொழிலாளர் அற்றவை” என்ற ஒரே வரி மட்டும் பதிலாக வந்தால், அந்தக் கம்பளத்தை நான் வாடிக்கையாளருக்குப் பரிந்துரைப்பதில்லை.

அந்த மின்னஞ்சலுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடம் தருவதால், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிட முடியும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. அங்கே கேட்கப்போவது, கைமுடிச்சு என்று விற்பனையாளர் எழுதியதற்கு ஆதாரம் எங்கே என்பதுதான். எனவே பணம் செலுத்தும் நாளிலேயே விற்பனைப் பக்கம் முழுவதையும் படமெடுத்து, விற்பனையாளரின் பதிலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர வாசகத்தை அவர்கள் பிறகு மாற்றிவிடக்கூடும்.