தனி எர்த் போட்டும் ஹாம் செட் ஏன் எரிகிறது?

இடி மின்னல் காலம் வந்தால் என் பழுதுபார்க்கும் மேசையில் ஹாம் (அமெச்சூர் வானொலி) ஆர்வலர்களின் டிரான்ஸ்சீவர்கள், அதாவது சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் செட்டுகள், வரிசை கட்டிவிடும். கூடவே வரும் கதை மட்டும் மாறாது. "ஆன்டெனாமேல் இடி விழவே இல்லை சார். செட் ஆஃப்பில்தான் இருந்தது. ஆன்டெனா கேபிளைக்கூடக் கழற்றிவிட்டேன். ரேடியோவுக்கென்றே தனி எர்த் வேறு போட்டிருக்கிறேன்."

கடைசியாக வந்த செட்டைத் திறந்தபோது ஆன்டெனா பக்கம் ஒரு குறையும் இல்லை. எரிந்திருந்தது யூஎஸ்பி போர்ட்டும், 13.8 வோல்ட் சப்ளையின் நெகட்டிவ் போகும் செம்புத் தடமும். அந்தத் தனி எர்த்தான் செட்டைக் கொன்றிருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டமே சுமார் 30,000 ஆம்பியர். அது பக்கத்து மரத்தில் இறங்கினால், விழுந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் ஒரு கணம் லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறி, தள்ளிப் போகப் போகக் குறையும். உங்கள் ரேடியோவின் எர்த் ராடு வீட்டின் ஒரு மூலையில் இருக்கிறது, வீட்டு மின் இணைப்பின் எர்த் இன்னொரு மூலையில். அந்தக் கணத்தில் இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம். இரண்டையும் இணைக்கும் கம்பி எது? பிளக்கின் எர்த் பின், அங்கிருந்து பவர் சப்ளையின் பெட்டி, அங்கிருந்து நெகட்டிவ் ஒயர், அப்புறம் உங்கள் செட்டின் உலோக உடம்பு, கடைசியில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் புதைத்த ராடு. கம்ப்யூட்டர் யூஎஸ்பியில் இணைந்திருந்தால் அது இன்னொரு பாதை. மண்ணுக்குள்ளேயே முடிய வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு செட்டைப் பாலமாக்கிக் கடந்து போகிறது.

செட் ஆஃப்பில் இருந்ததால் என்ன பயன்? ஸ்விட்ச் எர்த்தையும் நெகட்டிவையும் துண்டிப்பதே இல்லை. துண்டிக்கும் ஒயரிலும் ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளி சுமார் 3,000 வோல்ட் வரைதான் தாங்கும்.

"வீட்டு எர்த்தோடு சேர்த்தால் இரைச்சல் வருமே" என்பார்கள். இரைச்சலுக்கு ஃபெரைட் சோக் (கேபிளில் மாட்டும் இரைச்சல் தடுப்பு) போடுங்கள், நல்ல பேலன் (ஆன்டெனாவையும் கேபிளையும் பொருத்தும் இணைப்பி) போடுங்கள். எர்த்தைப் பிரிப்பது அதற்கு மருந்தே கிடையாது. ரேடியோவின் ராடு, டவரின் ராடு, வீட்டின் எர்த் எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே கனமான செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். வீட்டு எர்த்தோடு இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மண்ணின் மின்னழுத்தம் ஏறுவதை நம்மால் தடுக்க முடியாது. ஆற்றில் வெள்ளம் ஏறும்போது படகில் உள்ள எல்லாம் சேர்ந்து உயர்கிற மாதிரி, நம் கருவிகள் எல்லாம் ஒரே அளவில் ஏறி இறங்கினால் அவற்றின் குறுக்கே மின்னோட்டம் பாயக் காரணம் இல்லை.

இதற்காகத்தான் எல்லாக் கேபிள்களையும் ஒரே இடத்தில் உள்ளே கொண்டுவரச் சொல்கிறோம். தரைக்குப் பக்கத்தில் ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகடு. கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்), ரொட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்), நெட்வொர்க் என எல்லாக் கேபிள்களின் அரெஸ்டரும் (மின்னல் வந்தால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) அதன்மேல். கருவிகளுக்குப் போகும் மின்சாரத்துக்கான சர்ஜ் புரொடெக்டரும் அதே தகட்டில். தகட்டிலிருந்து மண்ணுக்கு அகலமான செம்புப் பட்டை, குட்டையாக, நேராக. நீளம் ஏன் முக்கியம் என்றால், நேரான ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. மைக்ரோநொடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறும் மின்னோட்டம் அதில் மீட்டருக்கு 10,000 வோல்ட் எழுப்பும். மாடி அறையிலிருந்து தொங்கவிட்ட மெல்லிய ஒயரை மின்னல் எர்த்தாகவே மதிக்காது.

அரெஸ்டர் வாங்கியதோடு நிம்மதியாகிவிடுபவர்களும் இருக்கிறார்கள். எர்த் இல்லாத அரெஸ்டர் வெறும் கனெக்டர். அரெஸ்டருக்குள் இருக்கும் கேஸ் டியூபையும் (குறித்த வோல்ட்டைத் தாண்டினால் கடத்தத் தொடங்கும் வாயுக் குழாய்) பார்த்து வாங்குங்கள். 50 ஓமில் 100 வாட்டுக்கு உச்சம் 100 வோல்ட், ஆகவே 90 வோல்ட் டியூப் நீங்கள் டிரான்ஸ்மிட் செய்யும்போதே பற்றிக்கொள்ளும். 230 வோல்ட் டியூப் சரியாக இருக்கும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்பதன் அளவு) மோசமாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

செட்டைக் கெடுக்கும் இன்னொன்று நிலைமின்சாரம், அதற்கு மின்னலே தேவையில்லை. வறண்ட காற்று, புழுதி, மழைத்துளி போதும், நீளமான ஒயர் ஆன்டெனாவில் மின்னூட்டம் சேர்ந்துவிடும். கழற்றிவைத்த கனெக்டரில் 'டிக் டிக்' என்று பொறி தாவுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இது செட்டை ஒரே அடியில் சாகடிக்காது. முன்பகுதி டையோடுகள் மெல்லப் பழுதாகி ரிசீவர் செவிடாகும், உரிமையாளரோ பேண்ட் (அலைவரிசை) சரியில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். மருந்து எளிது. கோஆக்ஸின் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 100 வாட்டில் அது 0.05 வாட்தான் எடுத்துக்கொள்ளும். கழற்றிவைத்திருந்த கேபிளை மறுபடி மாட்டும் முன் நடுக்கம்பியை எர்த்தில் தொட்டு எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிச்சயமான வழி கழற்றிவைப்பதுதான். கழற்றுவது என்றால் ஆன்டெனா மட்டும் அல்ல, பவர் பிளக், யூஎஸ்பி, நெட்வொர்க், ரொட்டேட்டர் எல்லாமே. ஆன்டெனா கேபிளின் முனை வீட்டுக்கு வெளியே, எர்த் தகட்டில் இருக்கட்டும். தயவுசெய்து அதைக் கண்ணாடி பாட்டிலுக்குள் நுழைத்து மேசைக்கடியில் வைக்காதீர்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்ததைக் கண்ணாடி தடுக்காது. 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் ரிச்மேன் என்ற இயற்பியலாளர், மண்ணோடு இணைக்காத கம்பியைக் கூரையிலிருந்து அறைக்குள் கொண்டுவந்து மின்னலை அளக்க முயன்று உயிரை விட்டார். எர்த் இல்லாமல் மேசைவரை வரும் ஆன்டெனா கேபிள் அதே அமைப்புதான்.

கழற்ற வேண்டியது வானம் கறுக்கும் முன்பு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி இருந்தாலே அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். இடிச் சத்தம் கேட்ட பிறகு கேபிளைத் தொடாதீர்கள், செட் போனால் போகட்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். செட்டை என்னால் சரிசெய்து தர முடியும். கேபிளைக் கையில் பிடித்தபடி இருந்தவருக்கு ஏதாவது ஆனால் யாராலும் முடியாது.

எர்த் இணைப்புகளில் ஈயப்பற்று வேண்டாம், மின்னோட்டம் பாய்ந்தால் உருகிவிடும். கிளாம்ப் போடுங்கள். துத்தநாகம் பூசிய டவர் காலில் செம்பை நேரடியாக வைத்து இறுக்கினால் பூச்சு அரித்துப்போகும், நடுவில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு, எல்லா கிளாம்பையும் கழற்றித் தேய்த்து மறுபடி முறுக்குங்கள். இன்று வானம் தெளிவாக இருந்தால் இன்றைக்கே செய்யலாம்.