மூடி வைத்த லேப்டாப் ராத்திரி முழுக்க என்ன செய்கிறது?

"அண்ணா, இதுல இருக்கிறது மூணாவது பேட்டரி. நேத்து ராத்திரி தொண்ணூறு பர்சென்ட் இருக்கும்போது மூடி வச்சேன். காலையில பட்டனை அமுக்கினா உயிரே இல்ல."

லேப்டாப்பை என் சர்வீஸ் மேசைமேல் வைத்தபடியே ஒரு மாணவி சொன்னது இது. அன்று மதியம் அவர் புராஜெக்ட் காட்ட வேண்டும். "உட்காரும்மா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, சார்ஜரைச் செருகி ஆன் செய்தேன். முதலில் பேட்டரி அறிக்கையை எடுத்தேன். புதிதாக வந்தபோது இருக்க வேண்டிய கொள்ளளவு 50,000 மில்லிவாட்-மணி, இப்போது முழுச் சார்ஜில் 48,600. நல்ல பேட்டரி. இதற்கு முன் கழற்றிப் போட்ட இரண்டும்கூட நல்லவையாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அடுத்து எடுத்தது தூக்க அறிக்கை. அதில்தான் விஷயம் இருந்தது. இரவு 11:20-க்கு ஸ்லீப் ஆரம்பம். அங்கிருந்து காலை 6:10 வரை ஒரே சிவப்புப் பட்டை. மேலே இருக்கும் பேட்டரி வரைபடத்தில் கோடு ஒரே சரிவாக இறங்கிப் பூஜ்ஜியத்தைத் தொட்டிருந்தது. கணக்குப் போட்டால் சராசரியாக ஆறு வாட்டுக்கும் மேல். திரையை மட்டும் அணைத்துவிட்டு மற்ற எல்லாம் விழித்திருந்தால் எவ்வளவு செலவாகுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. யார் விழித்திருக்க வைத்தது என்ற பட்டியலில் முதலிடத்தில் வைஃபை அடாப்டர். அதன் டிரைவர், அதாவது அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள், இரண்டு வருடமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை.

இதே புகார் என்னிடம் அடிக்கடி வருகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பேட்டரி போய்விட்டது என்ற முடிவோடுதான் வருகிறார்கள். தயவுசெய்து அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பேட்டரியை மாற்றும் முன், அது தூக்கத்தில் எங்கே கரைகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டிலேயே செய்துவிடலாம், பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்லீப் என்ற சொல் பழையதுதான், ஆனால் அதன் அர்த்தம் மாறிவிட்டது. முன்பு லேப்டாப்பை மூடினால் எஸ்3 என்ற நிலைக்குப் போகும். பிராசஸர், டிஸ்க், வைஃபை எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். ராம் மட்டும் உயிரோடு இருக்கும். ராமில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாகத் தங்குகிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்லீப்பில் செலவாகும் கொஞ்ச மின்சாரம் இதற்குத்தான்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற ஒன்று சில கருவிகளில் வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 அதையே விரிவாக்கி மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆக்கியது. இதன் நிலைக்குப் பெயர் எஸ்0. அதாவது கம்ப்யூட்டர் உண்மையில் அணையவே இல்லை. போனைப் போல, திரை இருண்டிருக்கும். உள்ளே எல்லாம் மிகக் குறைந்த மின்சாரத்தில் முடங்கிக் கிடக்கும். நடுநடுவே எழுந்து மெயில் பார்க்கும், அப்டேட் பார்க்கும், மறுபடி முடங்கும். ஒழுங்காக நடந்தால் நல்ல வசதிதான். ஆனால் உள்ளே இருக்கும் அத்தனை பாகங்களும் ஒத்துழைத்தால்தான் அந்த ஆழ்ந்த நிலைக்குப் போக முடியும். ஒரே ஒரு டிரைவர் அடம்பிடித்தாலும் மொத்த லேப்டாப்பும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். இப்போது வரும் லேப்டாப்களில் பலவற்றில் பழைய எஸ்3 கிடையவே கிடையாது.

எவ்வளவு இறங்கினால் இயல்பு, எவ்வளவு இறங்கினால் கோளாறு? ஐம்பது வாட்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். ஸ்லீப்பில் 0.3 வாட் செலவானால் எட்டு மணி நேரத்தில் 2.4 வாட்-மணி, அதாவது ஐந்து சதவீதம் குறையும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். அரை வாட் ஆனால் எட்டு சதவீதம், அதுவும் பரவாயில்லை. ஐந்து வாட் என்றால் அதே எட்டு மணி நேரத்தில் எண்பது சதவீதம் போய்விடும். என் அனுபவத்தில் மணிக்கு ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டைத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும்.

தேடுவதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது மூன்று இரவுச் சோதனை. முதல் இரவு ஸ்லீப், இரண்டாம் இரவு ஹைபர்நேட் (திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது; மெனுவில் கொண்டுவரும் வழியைக் கீழே சொல்கிறேன்), மூன்றாம் இரவு முழு ஷட் டவுன். மூன்றிலும் சார்ஜரைக் கழற்றிவிட்டு, படுக்கும் முன் சதவீதம் எவ்வளவு, காலையில் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கும் விண்டோஸில், சாதாரண ஷட் டவுன் என்பது பாதி ஹைபர்நேட்தான். ஷிஃப்டோடு செய்தால்தான் முழுசாக அணையும்.

ஸ்லீப்பில் மட்டும் இறங்கி மற்ற இரண்டிலும் இறங்கவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள்; ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. மூன்றிலும் இறங்கினால் வேறு கதை. லித்தியம் அயான் பேட்டரி சும்மா கிடந்தால் மாதத்துக்குச் சில சதவீதம்தான் தானாகக் குறையும். ஒரே ராத்திரியில் இருபது சதவீதம் குறைகிறதென்றால் பேட்டரியையோ போர்டையோ சோதிக்க வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. காலையில் திறந்ததும் எழுபது காட்டும், ஐந்து நிமிடத்தில் தடாலென்று இருபதாகும். இது ராத்திரிக் கசிவு அல்ல, வயதான பேட்டரி சதவீதத்தைத் தவறாகக் காட்டுவது. இந்த வகைக்குப் பெரும்பாலும் பேட்டரியை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

அளப்பதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, பவர்சிஎஃப்ஜி என்று பெயர். கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஏ என்ற ஒற்றை எழுத்தை அடியுங்கள். உங்கள் லேப்டாப்புக்கு எந்தெந்தத் தூக்க நிலைகள் தெரியும் என்று சொல்லிவிடும். எஸ்3 இருக்கிறதா எஸ்0 இருக்கிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும். எஸ்0 என்றால், அந்த ஏ இருந்த இடத்தில் ஸ்லீப்ஸ்டடி என்று சேர்த்து அடியுங்கள். கடைசி மூன்று நாள் தூக்கங்களையும் வண்ணப் பட்டைகளாகக் காட்டும் அறிக்கை ஒரு கோப்பாக வரும். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லும். பிரௌசரில் திறந்து, சிவப்பாக இருக்கும் பட்டையைச் சொடுக்கினால் யார் விழித்திருந்தார்கள் என்ற பட்டியல் தெரியும். மேலே அந்த மாணவிக்கு நான் பார்த்தது இதைத்தான். பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் பேட்டரியின் உடல்நிலை. லாஸ்ட்வேக் என்று அடித்தால் கடைசியாக லேப்டாப்பை எழுப்பியது எது என்ற விவரம். ரிக்வெஸ்ட்ஸ் என்று அடித்தால் இந்த நிமிடம் தூங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும் நிரல்கள். பாட்டை நிறுத்தாமல் விட்ட ஒரு பிரௌசர் டேப் கடைசிப் பட்டியலில் வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

டிரைவர் கோளாறு என்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை, சிப்செட் டிரைவர்களையும், பயாஸையும் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். பாதிக்கு மேற்பட்ட கேஸ்கள் எனக்கு இதிலேயே முடிந்துவிடுகின்றன. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து எஸ்3-ஐ வலுக்கட்டாயமாகத் திரும்பக் கொண்டுவரும் வழி ஒன்று பரவலாகப் பேசப்படுகிறது. பயாஸே எஸ்3-க்குத் தயாராக இல்லாத மாடலில் இதைச் செய்தால், மூடிய லேப்டாப் திரும்ப எழாமலே போய்விடலாம். நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. அவை சின்னவைதான், ஆனால் கண்ணில் படாது.

அலுவலக வேலை செய்யும் ஒருவருக்குப் பையில் வைத்த லேப்டாப் தினமும் சூடாகி வந்தது. அவர் மேசையில் பெரிய மானிட்டர் வைத்திருக்கிறார். மூடியை மூடிக்கொண்டே வேலை பார்ப்பதற்காக, சார்ஜரில் இருக்கும்போது மூடினால் எதுவும் செய்யாதே என்று செட்டிங்கில் கொடுத்திருந்தார். அது சரிதான். ஆனால் மாலையில் மூடிய லேப்டாப்பை அப்படியே மானிட்டரிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். மூடியை மூடும் அந்த நொடியில்தான் லேப்டாப் என்ன செய்வதென்று முடிவெடுக்கிறது. அந்த நொடி காலையிலேயே, சார்ஜரில் இருக்கும்போதே கடந்துவிட்டது. போதாததற்கு, தானாகத் தூங்கும் நேரத்தையும் ஒருபோதும் வேண்டாம் என்று வைத்திருந்தார். ஆக, முழுசாக விழித்திருக்கும் லேப்டாப்பைத்தான் தினமும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். சார்ஜரை முதலில் கழற்றுங்கள், மூடியைத் திறந்து ஒருமுறை ஸ்லீப்போ ஹைபர்நேட்டோ கொடுங்கள், விளக்கு அடங்கிய பிறகு பையில் வையுங்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

இந்தப் பை விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. காற்றோட்டமில்லாத பைக்குள் ஃபேன் சுற்றினாலும் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். நாளடைவில் பேட்டரி உப்பும். டச்பேட் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாக மூடாமல் இடைவெளி தெரிந்தால், அந்த லேப்டாப்பை அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அழுத்தி மூடவோ நீங்களே கழற்றவோ முயலக்கூடாது.

வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை யூஎஸ்பியில் விட்டுவிட்டு மவுஸையும் அதே பையில் போட்டால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் லேப்டாப் எழக்கூடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்குள் போய், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். லேன் கார்டுக்கும் அதே இடத்தில் அதே டிக் இருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர் என்று ஒன்று உண்டு, குறித்த நேரத்தில் லேப்டாப்பை எழுப்புவது. பேட்டரியில் இருக்கும்போது அதையும் அணைத்துவிடலாம். அப்புறம், சில லேப்டாப்களில் அணைத்த பிறகும் போனைச் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி போர்ட் இருக்கும், பக்கத்தில் பேட்டரிக் குறியோ மின்னல் குறியோ போட்டிருப்பார்கள். அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் பயாஸில் நிறுத்திவிடலாம்.

மேக்கில் டெர்மினலைத் திறந்து பிஎம்செட் கட்டளையில் பதிவேட்டைக் கேட்டால், எப்போது எழுந்தது, எதனால் எழுந்தது என்று வரிசையாக வரும். பேட்டரி செட்டிங்கில் நெட்வொர்க்குக்காக எழுதல் என்ற தேர்வை அணைத்தாலே பலருக்குப் போதும். லினக்ஸில் மெம்ஸ்லீப் கோப்பைப் படித்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் டீப் என்று இருந்தால் பழைய ஆழ்ந்த தூக்கம், எஸ்2ஐடில் என்று இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை போன்ற மேலோட்டமான தூக்கம்.

என் சொந்தப் பழக்கத்தைக் கேட்டால், ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வேலை என்றால் ஸ்லீப், ராத்திரிக்கும் பயணத்துக்கும் ஹைபர்நேட். ஹைபர்நேட்டில் ராமில் இருப்பதெல்லாம் எஸ்எஸ்டியில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, லேப்டாப் உண்மையிலேயே அணைந்துவிடும். எழுந்திருக்கச் சில நொடி கூடுதலாகும், திறந்து வைத்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். விண்டோஸில் இது பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஹைபர்நேட்டை டிக் செய்தால் மெனுவுக்கு வந்துவிடும்.

தினமும் எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஹைபர்நேட் கோப்பு வழக்கமாக ராமில் 40 சதவீத அளவு, அதாவது சுமார் 6.4 ஜிபி. தினம் ஒருமுறை என்றால் வருடத்துக்கு 2.3 டெராபைட்டைச் சுற்றி வரும். சாதாரண 500 ஜிபி எஸ்எஸ்டிகளே நூறு டெராபைட்டும் அதற்கு மேலும் எழுதத் தாங்கும் என்று குறிப்பிட்டுத்தான் விற்கப்படுகின்றன. பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரி தினமும் பூஜ்ஜியத்துக்குப் போவதுதான் உண்மையான சேதம். அப்படியே சில வாரம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் செல்லின் மின்னழுத்தம் மிகவும் கீழே போய், பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜையே ஏற்காமல் பூட்டிவிடக்கூடும்.

அந்த மாணவியின் லேப்டாப்பில் வைஃபை டிரைவரைப் புதுப்பித்து, இரவில் ஹைபர்நேட் செய்யச் சொல்லி அனுப்பினேன். ஸ்லீப்பிலும் ஒரு ராத்திரி சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஏழு மணி நேரத்தில் நான்கு சதவீதம் குறைந்ததாக மெசேஜ் அனுப்பினார், கூடவே பச்சைப் பட்டை தெரியும் ஸ்கிரீன்ஷாட்டும்.

இதையெல்லாம் செய்தும் ராத்திரிக் கசிவு குறையவில்லை என்றால் சர்வீஸுக்கு வாருங்கள். வரும்போது மூன்று இரவு குறித்த அந்தத் தாளையும், தூக்க அறிக்கை, பேட்டரி அறிக்கை இரண்டு கோப்புகளையும் பென்டிரைவில் எடுத்து வாருங்கள். யாரிடம் கொண்டுபோனாலும், பேட்டரியை மாற்றலாம் என்று அவர் சொன்னால், முதலில் இந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.