28 நாள் இருப்பு: பிரிட்டன் மாணவர் விசாவில் பெற்றோர் தவறவிடும் கணக்கு

ஆண்டுதோறும் மே மாதம் தொடங்கியதும், வருமான வரி வேலையாக என் அலுவலகத்துக்கு வருவோரோடு, பிள்ளையைப் பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பவிருக்கும் பெற்றோரும் வரத் தொடங்குவார்கள். நிலப் பத்திரம், நகை மதிப்பீடு, வீட்டு வரி ரசீது எல்லாம் அடங்கிய கனத்த கோப்பு ஒன்றை மேசைமேல் வைத்து, "ஆடிட்டர் சார், ஒரு நெட்வொர்த் சர்டிஃபிகேட் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். மொத்தச் சொத்து மதிப்பைக் காட்டும் அந்தச் சான்றை என்னால் தர முடியும். ஆனால் பிரிட்டன் மாணவர் விசாவுக்கு அது உதவாது. ஐந்து ஏக்கர் நஞ்சை இருந்தாலும், உடனே எடுத்துச் செலவிடக்கூடிய பணம் வங்கியில் இருக்கிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள்.

எவ்வளவு பணம் என்பதற்குத் தெளிவான கணக்கு உண்டு. சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் வழங்கும் 'காஸ்' ஆவணத்தில், முதலாண்டுக் கட்டணத்தில் எவ்வளவு பாக்கி என்று காட்டியிருக்கிறதோ அது முழுவதும், அதனுடன் அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் இருப்பில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இந்த வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு லண்டனுக்கு வெளியே 10,539 பவுண்டு ஆகிறது. இத்தொகையை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் மறுபடி பார்த்துவிடுங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள், ஒரு நாள்கூடக் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிந்த தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிடவும் வேண்டும். பலரும் இதைச் சராசரி இருப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, மகளின் படிப்புக்காக மனை விற்ற பணத்தைக் கணக்கில் போட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, 19ஆம் நாளில் 38,000 ரூபாய் பற்று வைக்கப்பட்டிருந்தது. கோடை நெல் அறுவடைக்கு வந்த இயந்திரத்தின் வாடகையை ஜிபேயில் அனுப்பியிருக்கிறார். அதற்கு இரண்டு நாள் கழித்து நெல் விற்ற பணம் வந்து இருப்பு பழைய நிலைக்கு ஏறிவிட்டது. "போட்டுவிட்டேனே சார்" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. பணம் மறுபடி நிறைந்த நாளிலிருந்து 28 நாளைப் புதிதாக எண்ண வேண்டியிருந்தது. அன்று முதல், இந்தப் பணத்துக்கென்றே தனிக் கணக்கு தொடங்கி, அதை ஜிபேயிலும் காசோலையிலும் இணைக்காமல் வைத்திருக்கும்படி எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

ரூபாயில் உள்ள இருப்பை, விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் பவுண்டாகக் கணக்கிடுகிறார்கள். 20,000 பவுண்டு காட்ட வேண்டியவருக்குப் பவுண்டு ஒரு ரூபாய் ஏறினாலே 20,000 ரூபாய் குறைந்துவிடும். ஆகவே தேவைக்கு மேல் ஐந்து விழுக்காடாவது கூடுதலாக வைக்கச் சொல்கிறேன்.

நம் குடும்பங்களுக்குப் பெரிதும் இடிக்கும் விதி, கணக்கு யார் பெயரில் என்பது. மாணவர், அவருடைய தாய் தந்தை, சட்டப்படியான காப்பாளர், மணமானவரானால் உடன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் அல்லது ஏற்கெனவே விசா பெற்றிருக்கும் கணவர் அல்லது மனைவி ஆகியோரின் கணக்கைத்தான் ஏற்கிறார்கள். துபாயில் இருக்கும் அண்ணனும், தாய்மாமாவும் எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும், பணம் அவர்கள் கணக்கிலேயே இருந்தால் செல்லாது. 28 நாள் எண்ணத் தொடங்கும் முன்பே மாணவரின் கணக்குக்கு வந்துவிட வேண்டும். உடன்பிறந்தவரோ பெற்றோரின் உடன்பிறந்தவரோ அன்பளிப்பாகத் தரும் பணத்துக்கு மாணவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஓர் அன்பளிப்புக் கடிதம் மட்டும் எழுதி வாங்கி வையுங்கள்.

வங்கியில் கல்விக் கடன் பெறுவோருக்கு 28 நாள் நிபந்தனை இல்லை. மாணவர் பெயரில், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு உட்பட்ட தேதியில் வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். வட்டிக்குப் பணம் வாங்கி ஒரு மாதம் 'ஃபண்டு காட்டித் தருகிறோம்' என்று வரும் இடைத்தரகர்களைவிட இந்த வழி ஆயிரம் மடங்கு மேல். அப்படிப்பட்டவர்கள் தயாரித்துக் கொடுக்கும் வங்கி அறிக்கை போலி என்று தெரிந்தால், ஏமாற்றிய குற்றத்துக்காகப் பிள்ளைக்குப் பத்தாண்டு வரை பிரிட்டன் விசா மறுக்கப்படலாம். தரகருக்கு அந்தத் தண்டனை கிடையாது.

பெற்றோரின் கணக்கைக் காட்டுவோர், அந்தப் பணத்தைப் பயன்படுத்தப் பெற்றோர் தரும் சம்மதக் கடிதத்தோடு பிள்ளையின் பிறப்புச் சான்றையும் வைக்க வேண்டும். சான்று தமிழில் மட்டும் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. பிறப்புச் சான்றில் தந்தை 'செல்வராசு', வங்கியில் 'செல்வராஜ்', பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து வேறொன்று என்று மூன்று பெயர்களோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சில பழைய சான்றுகளில் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது. நகராட்சியிலோ ஊராட்சியிலோ இதைச் சரிசெய்யச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தச் சான்றை வெளியே எடுத்து, பாஸ்புக்கின் முதல் பக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.