வில் உடைந்தால் உடைந்த இடத்தையே பார்க்காதீர்கள்

போன வாரம் ஓர் இளைஞர் வந்தார். கையில் பழைய துண்டில் சுற்றிய இரண்டு மரத்துண்டு, வலது புருவத்துக்கு மேலே நான்கு தையல். துண்டைப் பிரிக்கும் முன்னாலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "மூணாவது வில்லு சார் இது. ஒவ்வொரு தடவையும் எந்த இடத்துல ஒடஞ்சுதோ அந்த இடத்தைத் தடிமனா விட்டுத்தான் அடுத்ததைச் செய்யறேன். அப்பவும் ஒடையுது."

அப்படி விடுவதால்தான் உடைகிறது, தம்பி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இனி வருகிறவர்களிடம் இதைப் படிக்கக் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மரவில் உடையும். எனக்கும் உடைகிறது, இன்றைக்கும். முழுக்க இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு உடைந்த வில் என்று இந்தத் தொழிலில் ஒரு பழைய பேச்சு உண்டு. அதில் மிகை இல்லை. உடைவதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. உடைகிற நேரத்தில் முகம் எங்கே இருந்தது, உடைந்த பிறகு அதிலிருந்து என்ன புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் வருத்தம்.

அவரிடம் பழைய இரண்டு வில்லின் துண்டுகளும் எரிக்காமல் இருந்தன. மறுநாள் கொண்டுவரச் சொல்லி மூன்றையும் பக்கம் பக்கமாக மேசைமேல் அடுக்கினோம். முதல் வில் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே உடைந்திருந்தது. இரண்டாவது அதற்கு நாலு விரல் மேலே. மூன்றாவது மேல்கையின், அதாவது கைப்பிடிக்கு மேலே வளைகிற பாதியின், நடுவில். படி ஏறுகிற மாதிரி முறிவு மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது. முதல்முறை உடைந்த இடத்தை அடுத்த வில்லில் தடிமனாக விட்டார். அந்த இடம் விறைத்துக்கொண்டு வளைய மறுத்தது. அது வளையாத பங்கையும் பக்கத்து இடம் வாங்கிக்கொண்டு உடைந்தது. பிறகு அதையும் தடிமனாக்கினார். விட்டிருந்தால் நான்காவது வில் நுனியிலேயே உடைந்திருக்கும்.

இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். வில்லை எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு வளைவை வில்லின் அந்தக் கை முழுவதும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மெலிந்த இடத்தில் உடைந்தது என்றால் அங்கே மரம் போதவில்லை என்று அர்த்தமில்லை. மற்ற இடமெல்லாம் சும்மா நிற்க, அந்த ஒரு சாண் மட்டும் கீல் மாதிரி மடங்கியிருக்கிறது. அதற்கு மருந்து அங்கே மரத்தைக் கூட்டுவது இல்லை. சும்மா நின்ற இடங்களைச் சீவி அவற்றையும் வேலை செய்ய வைப்பது. கீல் விழுகிற இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு 'தொடாதே' என்று எழுதிவிட்டு, மேலும் கீழும் சீவுங்கள். இழுவிசை குறையத்தான் செய்யும். 50 பவுண்டு நினைத்தது 40 பவுண்டில் வந்து நிற்கும். நிற்கட்டுமே, 40 பவுண்டில் முழுசாக ஒரு வில் இருக்கிறதே!

தடிமனாக இருந்தால் உடையாது என்ற நம்பிக்கைதான் எனக்கு வருகிற கோபத்தில் பாதிக்குக் காரணம். ஈர்க்குச்சியை வளையம் போல வளைக்கலாம். அதே வளைவுக்குக் கட்டைவிரல் பருமனுள்ள குச்சியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே அளவு வளைத்தால் தடிமனான மரத்தின் மேல்பரப்புதான் அதிகம் நீள வேண்டியிருக்கிறது, அதுதான் முதலில் கிழியும். பலம் வேண்டுமானால் அகலத்தில் தேடுங்கள், நீளத்தில் தேடுங்கள். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். தடிமனை இரட்டித்தால் 8 மடங்காகும். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: 12 மி.மீ. தடிமன் உள்ள இடத்தில் 1 மி.மீ. சீவினால் அங்கே விறைப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடுகிறது. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அரத்தை வைத்துவிட்டுச் சுரண்டு தகட்டை எடுங்கள் என்று கத்துகிறேன்.

நீளம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 28 அங்குலம் இழுக்கப்போகிறவர், கைப்பிடி வளையாத வில்லுக்கு 66 அங்குலத்துக்குக் குறைந்து முதல் முயற்சி செய்யாதீர்கள். குட்டையாக, அழகாக ஒன்று வேண்டும் என்ற ஆசை பத்தாவது வில்லில் வரட்டும்.

சீவுகிற முறையில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கொஞ்சம் சீவியதும், அதுவரை இழுத்த அளவுக்கே 30 முறையாவது மெதுவாக வளைத்துவிடுங்கள். சீவியது வளைவில் தெரிய அவ்வளவு நேரம் பிடிக்கும். சீவினேன், ஒன்றும் மாறவில்லை என்று மறுபடியும் சீவுகிறவர், பிறகு இரண்டும் சேர்ந்து தெரிகிறபோது தலையில் கைவைக்கிறார். வளைவில் ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சரிசெய்யாமல் இன்னும் அரை அங்குலம் கூட இழுக்காதீர்கள். எத்தனை பவுண்டு வேண்டுமோ அதைத் தாண்டியும் எந்தக் கட்டத்திலும் இழுக்காதீர்கள், பாதி தூரத்தில்கூட.

இனி முதுகு. உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. வயிறு நசுங்குகிறது, முதுகு இழுபடுகிறது. முதுகு முழுவதும் ஒரே ஆண்டு வளையம் ஓட வேண்டும். வழவழப்பாக இருக்கட்டும் என்று இழைப்புளி போட்டு நாலு வளையத்தை வெட்டிவிட்டு, மரம் சரியில்லை என்கிறார்கள். மரம் சரியாகத்தான் இருந்தது! தச்சு வேலையில் பழகியவர்கள் இன்னொரு தப்பும் செய்வார்கள்: பட்டைக்கு அடுத்த வெளுத்த மரமான வெளிறு என்றால் கழிவு என்று சீவி எறிந்துவிடுவார்கள். யூ மரத்தில் இழுவையைத் தாங்குவதே வெளிறுதான். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ விற்களில் முதுகில் வெளிறு, வயிற்றில் வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. ஓசேஜ் ஆரஞ்சு என்ற மரத்தில் வெளிறை எடுத்துவிட்டு வைரத்தில் ஒரு வளையத்தைப் பின்தொடர்வதுதான் வழக்கம். மரத்தைக் கேட்டு வேலை செய்யுங்கள், பழக்கத்தைக் கேட்டு வேண்டாம்.

வில் முறிந்த பரப்பைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நீள நீளமாக நார் பிரிந்திருந்தால் மரம் நல்ல மரம், நீங்கள் அதிகம் கேட்டுவிட்டீர்கள். சாய்வாக, வழுக்கிக்கொண்டு போன மாதிரி பிளந்திருந்தால் நாரின் ஓட்டம் வில்லின் ஓரத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. கட்டையைத் தேர்ந்தெடுத்த அன்றே அது உடைந்தாயிற்று. பிஸ்கட் மாதிரி குறுக்கே பட்டென்று முறிந்திருந்தால் ஒன்று உள்ளே பூஞ்சை தின்றிருக்கும், அல்லது அடுப்புப் பக்கத்தில் வைத்து அளவு மீறிக் காயவிட்டிருப்பீர்கள். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதத்தில் இருந்தால் போதும். மீட்டர் இல்லையென்றால் கட்டையைத் தினமும் எடை போடுங்கள், எடை இறங்குவது நிற்கும்வரை காத்திருங்கள். அவசரப்படுத்தினால் மரம் பழிவாங்கும்.

விரிசலோடு வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான விரிசலைக் கண்டு பயப்படுகிறார்கள். நீளவாக்கில், நார் போகிற போக்கிலேயே ஓடும், மரம் காயும்போது விழுகிற வெடிப்பு பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. முதுகில் குறுக்கே மயிரிழையாக ஒரு கோடு இருந்தால் அதுதான் எமன். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணை நம்பாதீர்கள். ஒரு பஞ்சை எடுத்து நுனியிலிருந்து நுனிவரை முதுகைத் தடவுங்கள். ஒரு சிலும்பு எழுந்திருந்தாலும் பஞ்சு அதில் சிக்கிக்கொண்டு ஒரு நூல் நிற்கும். நாண் ஏற்றும்போதெல்லாம் செய்யுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. வயிற்றில் குறுக்கே சுருக்கம் போலச் சன்னக் கோடுகள் தெரிந்தால் அங்கே மரம் நசுங்குகிறது. அது பெரும்பாலும் மெதுவாகச் சாகும். இரு பக்கமும் சீவி வளைவைப் பரப்பிக்கொடுத்தால் இன்னும் சில நாள் ஓடும்.

முதுகில் சிலும்பு எழுந்த வில்லைச் சூப்பர் க்ளூ ஊற்றி, நூல் சுற்றி, மேலே அழகாக வார்னிஷ் அடித்து இன்னொருவருக்குக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். ஓரத்தில் எழுந்த சிறு சிலும்பை நானும் ஒட்டியிருக்கிறேன், இழுவிசையைக் குறைத்து, நானே எய்யும் வில்லில். அடுத்தவர் கைக்கு அப்படி ஒன்று என்னிடமிருந்து போனதில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்துங்கள். இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்போம் என்று நினைத்தவர்தான் தையலோடு வந்தவர். அந்தச் சத்தத்தை அவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

வளைவு பார்க்கும்போது கையில் பிடித்து, கண்ணாடி முன்னால் நின்று இழுக்காதீர்கள். சுவரில் ஒரு தாங்கி, தரையில் ஒரு கப்பி, நீளமான கயிறு. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் வளைவும் முழுதாகத் தெரியும், உடைந்தாலும் பறக்கிற துண்டு உங்களைத் தேடி வராது. கண்காப்புக் கண்ணாடி போடுங்கள். வேர்க்கிறது, பனிக்கிறது என்றெல்லாம் என்னிடம் சொல்லாதீர்கள். கையில் வைத்து முதலில் எய்யும்போதும் போடுங்கள். முகத்துக்கு ஒரு முழத்துக்குள் உடைகிற பொருள் அது.

வீட்டுக்கு வருகிறவர் கையில் வில்லைக் கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள். அவர் முதலில் செய்வது அம்பில்லாமல் இழுத்து விடுவதுதான். அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்கே திரும்புகிறது. அடுத்தது, நெட்டையானவர் 26 அங்குலத்துக்குப் பழகிய வில்லை 30 வரை இழுப்பார். எத்தனை அங்குலம் என்று கைப்பிடிக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். எய்து முடித்ததும் நாணை இறக்குங்கள்.

உடைந்த வில்லைப் பரணில் போடாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கிற வீட்டில். விரிசல் மட்டும் விட்டது என்றால் இன்னும் மோசம், பார்க்க முழுசாக இருக்கும். ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டு, துண்டில் தேதியும் மரத்தின் பெயரும் எங்கே, எப்படி உடைந்தது என்பதும் எழுதி வையுங்கள். இளைஞருடைய மூன்று வில்லையும் அப்படித்தான் எழுதவைத்தேன். நான்காவது இப்போது கயிற்றில் 20 அங்குலம்வரை வந்திருக்கிறது. கைப்பிடிக்கு மேலே இரண்டு இடத்தில் 'தொடாதே' என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது.