சிப்டியூன்: சில்லிசை என்று எழுதலாமா?

பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்குள் ஒலிக்கென்றே ஒரு சிப் இருந்தது. அந்தச் சிப் விளையாட்டு ஓடும்போது தானாகவே உண்டாக்கும் இசைக்குச் சிப்டியூன் என்று பெயர். கொழும்பில் இந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் ‘டீவி கேம் மியூசிக்’ என்று சொல்லிப் பாருங்கள். தொண்ணூறுகளில் பிள்ளையாக இருந்தவர் உடனே ஒரு மெட்டை வாயால் போட்டுக் காட்டுவார். பெரும்பாலும் அது மரியோவாக இருக்கும், இல்லாவிட்டால் கொன்ட்ரா.

இன்று அந்த விளையாட்டுகளை இசைக்காக மட்டும் மறுபடி ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் சிப்டியூன் என்ற சொல்லே போதுமாக இருக்கிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் தகராறு. ஒருவர் ‘பழைய விளையாட்டு இசை’ என்பார், இன்னொருவர் ‘எட்டு பிட் இசை’ என்பார். முதலாவது காலத்தைச் சொல்கிறது. இரண்டாவது சொல்லும் எட்டு பிட் கணக்கு பெட்டியின் மூளைக்கு உரியது, ஓசைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஓசை எதிலிருந்து பிறக்கிறது என்பதைத்தான் சிப்டியூன் என்ற சொல் சொல்கிறது. தமிழ்ச்சொல்லும் அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சிப்பைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். நின்டெண்டோவின் பெமிகொம் என்ற விளையாட்டுப் பெட்டி 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஒலிப் பகுதிக்கு ஐந்தே குரல்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுகளை ஓடவிட இன்னொன்று. மெட்டும் அதன் துணைக்குரலும் பெரும்பாலும் சதுர அலைகளில் வரும். கீழ்ச்சுருதியைப் பிடிப்பது முக்கோண அலை. அதன் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை, ஒன்றில் ஒலிக்கும், இல்லாவிட்டால் நிற்கும். மேளத்துக்கு இரைச்சல்.

நாம் ‘கசெட்’ என்று சொன்ன அந்தப் பிளாஸ்டிக் கட்டிக்குள் பாட்டு எதுவும் பதிவாகி இருக்கவில்லை. எந்தக் குரல், எந்தச் சுருதியில், எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே இருந்தன. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும், படங்கள், விளையாட்டு, கோஜி கொண்டோவின் இசை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். சீடீயில் கால் நொடிப் பாட்டைப் பதிவதற்கே அதைவிடக் கூடுதலான இடம் வேண்டும். ஆகவே நீங்கள் விளையாடும் ஒவ்வொரு முறையும் சிப் அந்த இசையைப் புதிதாக வாசிக்கிறது. இசை கேட்பதற்காக விளையாடுவது இன்றைக்கு ஒரு கிறுக்குப் போலத் தோன்றலாம். அன்றைக்குப் பெட்டியை இயக்கினால்தான் இசையே உண்டு.

அதிலும் ஒரு வில்லங்கம். குரல்கள் ஐந்துதான் என்பதால் இசையும் விளையாட்டுச் சத்தங்களும் அவற்றையே பங்குபோட வேண்டும். மரியோ குதிக்கும்போது வரும் ‘டொய்ங்’ ஒரு சதுர அலையைப் பறித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் இசையில் ஒரு குரல் காணாமல் போகும். காசு எடுத்தாலும் அதே கதை. எனவே இசையை முழுதாகக் கேட்க விரும்புகிறவர் மரியோவை ஓர் இடத்தில் நிறுத்திவைத்து, கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். அப்படியும் நிம்மதியாக இருக்க முடியாது. முதல் கட்டத்தில் நேரக் கணக்கு 400இலிருந்து இறங்கும். 100ஐத் தொட்டதும் எச்சரிக்கை ஒலி எழும்பி, அதே இசை விறுவிறுவென ஓடத் தொடங்கும். பூச்சியத்துக்கு வந்தால் மரியோவின் கதை முடிந்தது. சும்மா நின்று இசை கேட்ட குற்றத்துக்கு மரண தண்டனை கொடுக்கும் கச்சேரி வேறெங்கும் இருக்காது.

சில விளையாட்டுகள் இரசிகரை இப்படி வதைக்கவில்லை. 1989இல் கேம் போய் என்ற கையடக்கப் பெட்டியில் வந்த டெட்ரிஸ், ஆட்டம் தொடங்குமுன்பே எந்த இசை வேண்டும் என்று கேட்கும். ஏ என்று தெரிவுசெய்தால் ‘கொரோபெய்னிகி’ என்ற ரஷ்ய நாட்டுப் பாடல், சீ என்றால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பிரெஞ்சுத் தொகுப்பிலிருந்து ஒரு நடன இசை. வேறு சில விளையாட்டுகளில் இசையை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க ‘சவுண்ட் டெஸ்ட்’ என்ற பட்டியலே உண்டு, சிலவற்றில் அது ஒளித்து வைக்கப்பட்டிருக்கும்.

குரல் குறைவு என்பதிலிருந்தே சிப்டியூனின் அடையாள ஓசை ஒன்று பிறந்தது. ச, க, ப மூன்றையும் சேர்த்து ஒலிக்கவைக்க மூன்று குரல் வேண்டும். கையில் இருப்பது ஒன்று. சரி, அந்த ஒன்றையே சகப சகப என்று நொடிக்கு ஐம்பது அறுபது தடவை மாற்றிவிட்டால்? காது மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், கூடவே ஒரு நடுக்கமும் கேட்கும். 1982இல் வந்த கொமடோர் 64 கொம்பியூட்டரில் இந்த வித்தை உச்சத்துக்குப் போனது. பொப் யான்ஸ் வடிவமைத்த அதன் சிட் சிப்பில் குரல்கள் மூன்றே மூன்று. ரொப் ஹபர்ட், மார்ட்டின் கோல்வே போன்ற இசையமைப்பாளர்கள் அந்த மூன்றில் ஒரு முழு வாத்தியக் குழுவைக் காட்டினார்கள்.

இனிச் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் சிப் என்பது முதலில் மரத்திலோ கல்லிலோ சிதறிய சிறு துண்டு. 1958இல் பொறியியலாளர் ஜக் கில்பி, பல இலத்திரனியல் பாகங்களை ஒரே துண்டில் சேர்த்த முதல் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டினார், அறுபதுகளில் சிலிக்கன் துண்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டியூன் என்பது டோன் என்பதன் மாறிய வடிவம், அதன் கிரேக்க வேருக்கு ‘இழுத்துக் கட்டுதல்’ என்று பொருள். கம்பியை இறுக்கினால் சுருதி வரும் அல்லவா, அதுதான். பழந்தமிழில் நரம்பு என்ற சொல் யாழின் தந்தியையும் குறித்தது, அதில் எழும் சுரத்தையும் குறித்தது.

இரண்டும் சேர்ந்து சிப்டியூன் ஆனது 1980களின் கடைசியில், 1990ஐ ஒட்டி. இடம் அமிகா கொம்பியூட்டரில் படமும் இசையும் செய்து ஒருவருக்கொருவர் சவால்விட்ட ஐரோப்பிய இளைஞர் வட்டம். வேடிக்கை என்னவென்றால், அமிகாவின் ஒலிச் சிப் பதிவுசெய்த ஒலிகளையே ஓடவிடக் கூடியது. அதில் மிகச்சிறிய ஒலித்துண்டுகளைச் சுழலவிட்டு, பழைய கொமடோர் ஓசையைப் போலச் செய்தார்கள். கோப்பின் அளவும் சிறியதாக இருந்தது. அந்தப் போலச்செய்தலுக்குத்தான் முதலில் சிப் இசை என்று பெயர் வைத்தார்கள். அசலுக்குப் பெயர் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஜப்பானில் இதற்கு முன்பே ‘கேம் மியூசிக்’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், இசைக்கலைஞர் ஹருவோமி ஹொசோனோ 1984இலேயே விளையாட்டு இசையை இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். மரியோவின் மெட்டு 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. விளையாட்டு இசை ஒன்று அந்தப் பட்டியலுக்குள் போனது அதுவே முதல் தடவை.

கொழும்புக்கு வருவோம். இங்கே பெரும்பாலான வீடுகளில் இருந்த பெட்டி அசல் பெமிகொம் அல்ல, அதன் நகல். டீவியின் அன்டெனாத் துளையில் வயரைச் செருகி, சரியான சனலைத் தேடிப் பிடித்து விளையாடிய அதே பெட்டிதான். இந்த நகல்களைப் பற்றி இசைப்பிரியர்கள் தெரிந்திருக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. சதுர அலையில் மேடு எவ்வளவு நேரம், பள்ளம் எவ்வளவு நேரம் என்ற விகிதத்தை மாற்றினால் ஓசையின் குணம் மாறும். மேடு 25 வீதம் என்றால் மெலிந்த, மூக்கால் பாடுவது போன்ற ஓசை. 50 வீதம் என்றால் உருண்டை, உள்ளே கூடானது போல. நகல் சிப்கள் பலவற்றில் இந்த 25உம் 50உம் இடம்மாறிப் போயிருந்தன. இசையமைப்பாளர் மெலிதாக நினைத்த மெட்டு நமக்கு உருண்டையாக வந்தது, உருண்டையாக நினைத்தது மூக்கால் வந்தது. இன்று அசலை ஓடவிட்டுவிட்டு ‘இது நான் கேட்டது மாதிரி இல்லையே’ என்று முகம் சுளிக்கிறவர்களின் ஞாபகத்தில் பிழை இல்லை. நாம் வளர்ந்தது நகலின் நாதத்தில். எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிப் என்பதற்குத் தமிழ்நாட்டில் சில்லு என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. அங்கே தேங்காய்ச் சில்லு என்றால் உடைத்த துண்டு, அந்தப் பொருளில் சிலிக்கன் சில்லும் பொருந்திப் போகிறது. நமக்கோ தேங்காய் உடைத்தால் வருவது சொட்டு. சில்லு என்றால் சக்கரம்: சைக்கிள் சில்லு, ஓட்டோச் சில்லு, ‘பின்சில்லுக்குக் காத்துப் போய்ட்டுது’. சில்லு இசை என்று சொன்னால் கொழும்புக்காரர் தெருவைத்தான் எட்டிப் பார்ப்பார்.

எட்டிப் பார்த்தால் அங்கே சூன் பாண் வந்துகொண்டிருக்கும்! மூன்று சில்லில் பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு, பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸே’யைக் கீச்சுக்குரலில் ஒலித்தபடி ஒழுங்கைக்குள் திரும்பும் ஓட்டோ. 1810இல் எழுதிய பியானோத் துண்டு, கொழும்பில் பலருக்கு மாலுபணிஸின் மணத்தோடுதான் ஞாபகம் வரும். சூன் என்பது டியூன்தான், சிங்களப் பேச்சு வழியாக நம் வாய்க்கு வந்தது. இந்த ‘ஃபியூர் எலிஸே’, பாட்டு வாழ்த்தட்டைகளிலும் கோலிங் பெல்களிலும் வரும் யூஎம்66 என்ற மூன்று கால் சிப்பிலும் உண்டு. மொத்தம் 64 சுரம்தான் அதற்குள் கொள்ளும். அதைச் செய்தது தைவானின் யூஎம்சி. பெமிகொம் நகல் சிப்களைச் செய்ததும் அதே யூஎம்சி. எனவே சிப்டியூன் கொழும்புக்குத் தெரியாத பண்டம் என்று யாரும் சொல்ல முடியாது. சொல் தெரியாவிட்டாலும் காது பழகியிருக்கிறது.

சக்கரக் குழப்பம் இருந்தாலும் என் வாக்கு சில்லிசைக்கே. தமிழ் மரபு கருவிகளைப் பகுத்த விதத்தைப் பாருங்கள்: தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி. தோல், துளை, நரம்பு, வெண்கலம், தொண்டை என்று ஓசை பிறக்கும் இடத்தைக் கொண்டே பெயர். சில்லில் பிறப்பதைச் சில்லிசை என்பது அந்த வரிசைக்குப் புறம்பானது அல்ல.

‘சில்லு மெட்டு’ என்று நேருக்கு நேர் போட்டால் என்ன என்று கேட்கலாம். மரியோவின் மெட்டை வீணையில் வாசித்தாலும் அது அதே மெட்டுத்தான். ஆனால் சிப்டியூனாக இருக்காது. மெட்டு மட்டும் போதாது, நாதமும் சேரவேண்டும், ஆகவே இசை. சில்லு என்பதன் கடைசி உகரம் கெட்டு, இசையோடு சேர்ந்து சில்லிசை ஆகும். இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைப் பாடல்களை ஒலிபரப்பிய காலம் தொட்டு நமக்கு மெல்லிசை பழக்கம், அதன் பக்கத்தில் சில்லிசை வாய்க்கு இடறாது. சில்வண்டின் ‘சில்’லும் அதில் கேட்கிறது, சதுர அலையின் கீச்சுக்கு அது பொருத்தம்தான். ‘சில்லி சிக்கன் மாதிரி இருக்கிறதே’ என்று கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். நம் பாடப்புத்தகம் இலத்திரனியல் என்கிறது, தமிழ்நாட்டில் அதையே மின்னணுவியல் என்கிறார்கள், கணனியா கணினியா என்ற சண்டை இங்கே எத்தனையோ வருடம் நடந்தது. சில்லிசையாவது கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டுமே. பேச்சில் சிப்டியூன் என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை.

சில்லிசையின் எல்லையையும் குறித்துவிட வேண்டும். 1988இல் வந்த சேகா மெகா டிரைவ் என்ற பெட்டியின் யமஹா சிப் வேறு முறையில் ஓசை செய்தாலும் இசை சில்லில்தான் பிறக்கிறது, எனவே சில்லிசை. 1990இன் சூப்பர் பெமிகொம் பதிவுசெய்த ஒலித்துணுக்குகளைக் கொண்டு வாசிக்கும். அதற்கு எட்டுக் குரல், 64 கிலோபைட் இடம். அதைச் சேர்ப்பதா விடுவதா என்று இரசிகர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். பெயரே அமிகாவின் துணுக்கு வேலையில் பிறந்திருக்கும்போது இதைத் தள்ளிவைக்க நியாயம் இல்லை என்பது என் கட்சி. சீடீயில் பதிவுசெய்த பாட்டை அப்படியே ஓடவிடும் விளையாட்டுகள் மட்டும் நிச்சயம் வெளியே. பிளேஸ்டேஷனுக்கு வந்த ரிட்ஜ் ரேசரில், விளையாட்டு ஏறியதும் அதன் சீடீயைக் கழற்றிவிட்டு உங்களுக்குப் பிடித்த பாட்டுச் சீடீயைப் போடலாம். கார் ஓடும், உங்கள் பாட்டும் ஓடும்.