ஹவுசிங் சத்தமும் ஒரு ஸ்பிரிங் தராசும்

"அண்ணே, ஹவுசிங் போயிடுச்சாம். கிரவுன் பினியன் செட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க." போன மாதம் ஒரு பிக்அப் ஓட்டுநர் இப்படித்தான் வந்து நின்றார். 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் முழங்குகிறது என்பது அவருடைய புகார். ஹவுசிங் என்பது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் கூடு. அதற்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், கிரவுனைச் சுற்றும் சிறிய பல்சக்கரம் பினியன்.

நான் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து பைபாஸில் ஓட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் சரி, காலை எடுத்தாலும் சரி, சத்தம் அப்படியே இருந்தது. முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடம் பார்த்து லேசாக வலப்பக்கம் வளைத்தேன்; முழக்கம் கூடியது. இடப்பக்கம் வளைத்தேன், அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல்தான் சாயும். ஆக, சந்தேகம் இடப்பக்க வீல் பேரிங் மேல். கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் ரேஸ், அதாவது உருளைகள் ஓடும் வளையம், முழுக்கக் குழி. கிரவுன் பினியன் செட்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆனது.

பின்னால் சத்தம் என்றாலே கிரவுன் பினியன் மேல் பழி போடுவது நம் தொழிலில் பழகிப்போன ஒன்று. உண்மையில் அது கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் கெடும். பல்லில் கோளாறு இருந்தால் மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுக்கும்போது வேறு குரல். சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளை வரும். நேராகப் போகும்போது அமைதி, வளைவில் மட்டும் கடகடப்பு என்றால் உள்ளே, இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரமான ஸ்டார் பினியனைப் பாருங்கள். புறப்படும்போது "டங்" என்று ஒரே ஒரு அடி விழுந்தால் முதலில், முன்னாலிருந்து வரும் நீள ஷாப்ட்டின் மூட்டில் இருக்கும் ஜாயின்ட் கிராஸைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். தார் ரோட்டில் ஒரு சத்தம், கான்கிரீட் ரோட்டில் வேறு சத்தம் என்றால் அது டயர்.

பேரிங் சத்தத்திலும் இரண்டு வகை உண்டு. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் நான்கு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால் பினியன் பேரிங் வேகமாக இரையும். கிரவுனைத் தாங்கும் சைடு பேரிங் அடிக்குரலில் உறுமும்.

இதைப் பிரித்துக் கேட்க நான் வைத்திருப்பது ஒரு பழைய ஸ்டெதஸ்கோப். அதன் வட்டத்தட்டின் நடுவில் ஒரு மெல்லிய ஸ்டீல் கம்பியை ஒட்டியிருக்கிறேன். கம்பி நுனியை ஹவுசிங்கில் பினியன் பக்கம், இரண்டு சைடு பேரிங் பக்கம், இரண்டு சக்கரப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் எங்கே சத்தம் அதிகம் என்று தெரிந்துவிடும். அது இல்லாவிட்டால் நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதருகே எலும்பில் வைத்தும் கேட்கலாம். ஆனால் அப்போது முகம் சுற்றும் ஷாப்ட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும். தோளில் துண்டோடு அடியில் போகிறவரை நான் வெளியே இழுத்துவிடுவேன்.

இப்படிக் கேட்பதற்குப் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் கடையில் வாங்கிய ஸ்டாண்ட் வைத்து, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். வெறும் ஜாக்கி மேல் வேண்டவே வேண்டாம். பழைய ரிம்மை வெட்டி வெல்டிங் செய்த ஸ்டாண்டும் வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒரு சக்கரம் நின்றுபோனால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டரில் 50 என்றால் அந்தச் சக்கரம் 100இல் ஓடுகிறது. இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் வேலையே அதுதான்.

சரி, வேறொரு வண்டியில் பினியன் பேரிங்தான் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நான் ஒருமுறை சூடு பட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்குப் பேரிங் மாற்றிவிட்டு, பினியன் நட்டை ஏர் கன் வைத்துக் கடைசி வரை இறுக்கினேன். கையால் சுற்றிப் பார்த்தேன், "டைட்டாத்தான் இருக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. பேரிங் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. பேரிங்கும் உழைப்பும் என் கணக்கில்.

பினியன் சுற்றுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. அதை அளக்கும் டார்க் ரென்ச் இல்லையென்றால் பழைய பேப்பர் வாங்குகிறவர் கையில் இருக்குமே, அந்த ஸ்பிரிங் தராசு போதும். கிரவுனையும் ஆயில் சீலையும் போடுவதற்கு முன்பு, பினியன் மட்டும் இருக்கும்போது, பினியனின் வெளிநுனியில் இருக்கும் வட்டத்தட்டான ஃபிளான்ஜில் நூலைச் சுற்றி, தராசுக் கொக்கியில் மாட்டி, ஒரே சீராக இழுங்கள். கிளம்பும்போது முள் துள்ளும். அதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுவதை மட்டும் எடுங்கள். ஃபிளான்ஜின் நடுவிலிருந்து நூல் வரை 5 செ.மீ., தராசு காட்டுவது 4 கிலோ என்றால், 20 கிலோ-செ.மீ. அவ்வளவுதான் கணக்கு. புதிய பேரிங்குக்கு ஒரு எண், ஓடிய பேரிங்குக்கு அதைவிடக் குறைந்த எண் என்று மேனுவலில் தனித்தனியாக இருக்கும். அதைப் பார்க்காமல் நட்டைத் தொடாதீர்கள்.

பினியனின் இரண்டு பேரிங்குக்கும் இடையே நட்டை இறுக்க இறுக்க நசுங்கும் குழாயான ஸ்பேசர் உள்ள வண்டி என்றால் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் தராசை மாட்டிப் பார்க்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது. ஸ்பேசர் நசுங்கியது நசுங்கியதுதான், புதிது போட வேண்டும். அந்த ஸ்பேசரை நசுக்க நட்டுக்குப் பெரிய விசை வேண்டும். ஃபிளான்ஜ் சுற்றாமல் பிடிக்க, நாலடி நீளத்தில் கனமான இரும்புப் பட்டையில் சாக்கெட் நுழைய நடுவில் ஒரு ஓட்டை, பக்கத்தில் இரண்டு போல்ட் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். மறுமுனை தரையில் போய் நிற்கும். இதற்கு உடைந்த ஸ்பிரிங் பட்டாவில் வெல்டிங் வைத்துக் கருவி செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரும்பில் வெல்டிங் வைத்த இடம் விறைத்துப்போய், ஒரு நாள் முழு விசையில் பட்டென்று விட்டுவிடும். அப்போது பல் போவது பினியனுக்கு அல்ல.

கேட்பதற்கும் பினியன் சுற்றும் விசையை அளப்பதற்கும் நாமே செய்த கருவி தாராளமாகப் போதும். தூக்குவதற்கும் பேரிங்கை இழுத்தெடுப்பதற்கும் மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்; மிகச் சிறிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜும் அந்தப் பட்டியலில்தான். பல சிறிய வண்டிகளில் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் ஆட்டம் சுமார் 0.13 முதல் 0.20 மி.மீ. ஜெராக்ஸ் தாள் ஒன்றரை, இரண்டு கனம். அதைக் கைவிரல் உணர்வில் வைக்கிறேன் என்று சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை, வண்டியையும் கொடுப்பதில்லை.

பல்லோடு பல் எங்கே படுகிறது என்ற பதிவைப் பார்க்க அந்தக் காலப் பட்டறைகளில் ரெட் லெட் பொடியை ஆயிலில் குழைத்து விரலாலேயே தடவுவார்கள். அதே விரலால் டீயில் பன் தொட்டுச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். அது ஈயம், உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியே வராது. அதற்கென்றே விற்கும் நீல மை டியூப் வாங்கி, பிரஷ்ஷால் தடவுங்கள். பதிவு பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் ஏறியோ அடியில் இறங்கியோ இருந்தால் பினியனுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பினியன் கிரவுனின் நடுவுக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும் வகையில் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும், அதனால்தான் கடும் அழுத்தம் தாங்கும் ஜி.எல். 5 வகை ஆயில் கேட்கிறார்கள். பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டு, ஊற்ற முடியாமல் நின்றவர்கள் உண்டு.

அந்த பிக்அப்புக்கு வருகிறேன். பழைய பேரிங்கைப் பிடித்திருந்த காலரை உளி வைத்து உடைக்கும்போது பையனுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன். தெறித்த துண்டு எதிர்ச்சுவரில் போய்ப் பட்டது. கழற்றிய பேரிங்கின் வெளி ரேஸைக் குப்பையில் போடவில்லை. சுற்றிலும் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிட்டேன். அடுத்த முறை அதே வகை வண்டி வந்தால் புதுப் பேரிங்கை அடித்து உட்கார வைக்க அதுதான் கருவி. முந்தாநாள் ஒன்று வந்துவிட்டது.